வாழை மட்டை நாருக்குப் புதிய உபயோகம்

தார் வெட்டியதும் வாழை மரத்தை அப்புறப்படுத்தக் கூலி கொடுப்பது விவசாயிகளுக்கு வீண் செலவு. அதன் மட்டை நாருக்கு இப்போது புதிய உபயோகம் ஏற்பட்டுள்ளது. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து தயாராகும் மக்கும் பிளாஸ்டிக் விலை கூடியது. எளிதில் நொறுங்கவும் செய்யும். நறுக்கிய நாரைக் கலந்தால் விறைப்பு கூடும். பிளாஸ்டிக் செலவும் குறையும். சுமார் 170 டிகிரியில் இது உருகிவிடுவதால் நார் கருகாது. ஆனால் ஈர நார் சரியாக ஒட்டாது.

மட்டையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். 100 கிலோவுக்குச் சுமார் 1 கிலோ நாரே தேறும். மட்டையை லாரியில் ஏற்றினால் வாடகைக்கே கட்டாது. எனவே தோட்டத்திலேயே நாரெடுத்து, அலசி, நன்கு உலர்த்த வேண்டும். சக்கையை உரக்குழியில் இடலாம். வாங்குவோரை உறுதி செய்துகொண்டு, பலர் கூட்டாக இயந்திரம் வாங்குவது நல்லது.