கோடை விடுமுறையும் கல்வி உரிமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும்பாலான பொதுப் பள்ளிகள் ஆண்டில் சுமார் 180 நாட்கள் நடைபெற்று, கோடை தொடங்கியதும் கதவடைத்து, இரண்டு இரண்டரை மாதங்கள் சென்றபின்னரே மீண்டும் திறக்கின்றன. அந்த நீண்ட விடுமுறையில் படித்ததில் கொஞ்சம் மறப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் சகஜம். ஆசிரியர் பழைய பாடத்தை ஒருமுறை புரட்டிக் காட்டினால் மறந்தது திரும்பிவிடும். ஆனால் மனவளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம் முதலியவற்றோடும், பல குறைபாடுகள் ஒருங்கே அமைந்த நிலையோடும் வாழும் குழந்தைகளில் சிலருக்கு அந்த இடைவெளி சாமானியமானதன்று. அவர்களுக்கு இழப்பும் பெரிது, இழந்ததை மீட்கும் காலமும் நெடிது. அத்தகைய குழந்தைகளின் கல்வி விடுமுறையோடு அறுந்துபோகாமல் தொடர வேண்டும் என்பதற்காக அந்நாட்டுச் சட்டம் செய்திருக்கும் ஏற்பாடே நீட்டித்த பள்ளியாண்டுச் சேவை. பெற்றோரும் ஆசிரியரும் அதைச் சுருக்கமாக ஈ.எஸ்.ஒய். என்பர்.

அதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். கரண்டி பிடித்துத் தானே உண்ணப் பழகும் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். முதலில் ஆசிரியை அவன் கைமேல் தம் கையை வைத்து, கரண்டியைத் தட்டிலிருந்து வாய்வரை கொண்டுசெல்கிறார். சில வாரங்கள் சென்றபின் மணிக்கட்டை மட்டும் தாங்குகிறார். பிறகு முழங்கையை இலேசாகத் தொடுகிறார். கடைசியில் தொடுகையும் நின்று, 'எடு' என்ற ஒரு சொல்லே போதுமானதாகிறது. பத்துக் கவளங்களில் எத்தனையை அவன் தானாக உண்டான் என்பது தேதியோடு குறிப்பேட்டில் ஏறுகிறது. மே மாதத்தில் எட்டாக இருந்த அந்த எண், பள்ளி மீண்டும் திறக்கும்போது இரண்டாகச் சுருங்கிவிடுமானால், ஆசிரியை மறுபடியும் கைமேல் கை வைத்தே தொடங்க வேண்டியவராகிறார். இழந்ததை மீட்க டிசம்பர் வரை ஆகுமென்றால், அச்சிறுவன் பள்ளியாண்டில் ஏறக்குறையப் பாதியை, புதிதாக ஒன்றும் கல்லாமல், முன்பே கற்றதை மறுபடியும் கற்பதிலேயே கழிக்கிறான். கற்றதை எவ்வளவு இழக்கிறான் என்பதையும், இழந்ததை மீட்க எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதையும் சேர்த்து நோக்குவதே இத்துறையில் முதன்மையான அளவுகோல்.

இந்த உரிமை எளிதில் கிட்டியதன்று. 1975-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம், உடலிலோ உள்ளத்திலோ குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, தகுந்த பொதுக்கல்வி உண்டு என்று பிரகடனம் செய்தது. அக்காலத்தில் அத்தகைய குழந்தைகளில் பத்து லட்சம் பேர் பொதுப் பள்ளிகளிலிருந்து அடியோடு ஒதுக்கப்பட்டிருந்தனர் என்பதை அச்சட்டத்தின் முகப்பிலேயே காங்கிரஸ் சபை பதிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஐ.இ.பி. என வழங்கும் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை, அதன் தேவையை ஆராய்ந்து, பெற்றோரையும் உடன்வைத்துக்கொண்டு வகுக்க வேண்டும் என்பது அதன் ஜீவாதாரமான விதி. பள்ளிக்கதவு திறந்தது உண்மை. ஆனால் 180 நாட்கள் முடிந்ததும் அக்கதவு எல்லாருக்கும் ஒன்றுபோல் மூடிக்கொண்டது.

பென்சில்வேனியா மாநிலத்தில் சில பெற்றோர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 'ஆம்ஸ்ட்ராங் எதிர் கிளைன்' என்ற அவ்வழக்கில் 1979-இல் நீதிபதி கிளாரன்ஸ் நியூகமர் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றமும், யாருக்கும் 180 நாட்களுக்கு மேல் கல்வி இல்லை என்னும் வளையாத விதி சட்டத்துக்கு விரோதமானது என்று கூறிவிட்டது. குழந்தையின் தேவையைக் கண்ட பிறகு திட்டம் வகுக்க வேண்டுமென்று சட்டம் விதித்திருக்க, குழந்தையைக் காணுமுன்பே நாட்களை எண்ணி முடிவுகட்டிவிடுவது எங்ஙனம் பொருந்தும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பின்னர் ஜார்ஜியா, டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களிலிருந்து எழுந்த வழக்குகள் இக்கருத்தை மேலும் விரித்தன. டெக்சாஸ் மாநிலத்து அலமோ ஹைட்ஸ் வழக்கில் 1986-இல் வந்த தீர்ப்பு, ஆண்டு முழுவதும் பெற்ற பலன் கோடையில் பெருமளவு பங்கப்படுமானால் கோடையிலும் சேவை உண்டு என்றதோடு, குழந்தையைப் பராமரிப்பவரின் இல்லம் பள்ளி மாவட்ட எல்லைக்கு வெளியே இருந்தபோதிலும் அங்குவரை வாகன வசதி செய்துதர வேண்டும் என்றும் கூறியது. ஓக்லஹோமா வழக்கின் 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சென்ற கோடையில் நேர்ந்த இழப்பை மட்டும் பார்த்தால் போதாது, வரவிருக்கும் இழப்பையும் முன்னுணர வேண்டும் என்று வற்புறுத்தி, குறைபாட்டின் தீவிரம், இதுவரை கண்ட முன்னேற்றம், வீட்டில் பெற்றோரால் பயிற்சி தர இயலும் அளவு, தொழிற்பயிற்சியின் தேவை முதலியவற்றையும் கணக்கில் சேர்த்தது.

1999-ஆம் ஆண்டில் மத்திய அரசின் விதிகளிலேயே இச்சேவை தெளிவான இடம் பெற்றது. இன்ன குறைபாடு உள்ளவருக்கு மட்டுமே உண்டு என்று வகை பிரிக்கக் கூடாது. எல்லாருக்கும் மூன்று வாரம், தினம் இரண்டு மணி என்று ஒரே அச்சில் வார்க்கவும் கூடாது. பெற்றோரிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. ஆகையால் ஒரு குழந்தைக்கு முழுநேர வகுப்பும், வேறொரு குழந்தைக்கு வாரம் ஒரு மணி நேரப் பேச்சுப் பயிற்சியும், மற்றொன்றுக்கு வீடு தேடி வரும் ஆசிரியரும் சேவையாக அமையலாம். தேர்வில் தவறியோருக்கான கோடைப் பள்ளி வேறு, இது வேறு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகமும் அன்று. குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இது தானாகக் கிடைத்துவிடுவதும் இல்லை.

அரசாங்கத்தின் பொருள் ஒரு சிலருக்காக இவ்வளவு செலவாவது நியாயமா என்று கேட்போர் உண்டு. அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. பத்து மாதம் பாடுபட்டு ஊட்டிய பயிற்சி இரண்டு மாதத்தில் கரைந்துபோகுமானால், முன்னர்ச் செய்த செலவும் அதனோடு வீணாகிறது. தானே உண்ணவும், உடுக்கவும், வேண்டியதைச் சொல்லிக் கேட்கவும் ஒருவன் பழகிவிட்டால், பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் பராதீனம் அவன் வாழ்நாள் முழுவதும் குறைகிறது. அதைவிடச் சிறந்த வித்தியாதானம் வேறு எது? எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம் போலத் தோன்றினாலும், அவரவர் தேவைக்குத் தக்கபடி கொடுப்பதே தர்மம்.

அந்நாட்டில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இத்தகைய குழந்தைகள் உண்டு. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்கி நிற்கும் தாய்தந்தையருக்கு ஒரு வார்த்தை: இது யாசகம் அன்று, உங்கள் குழந்தையின் உரிமை. கோடை நெருங்கும்வரை காத்திராதீர்கள். பென்சில்வேனியாவில் கடுமையான குறைபாடுடைய சில பிரிவுக் குழந்தைகளுக்கு, பிப்ரவரி 28-க்குள் கூட்டம் கூட்டி, மார்ச் 31-க்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. குளிர்கால விடுமுறைக்கு முன்னும் பின்னும் உங்கள் பிள்ளை எதைச் செய்தான், எதை மறந்தான், மறந்தது எத்தனை நாளில் திரும்பியது என்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். ஆசிரியரின் குறிப்பேட்டையும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதென்றால் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. சேவையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகும் சமரசப் பேச்சுக்கும் முறையான விசாரணைக்கும் வழி உண்டு. கூட்டத்தில் உங்களுக்கு அளித்திருக்கும் நாற்காலி மரியாதைக்காகப் போட்டதன்று. முடிவெடுப்பவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை மறவாமல் பேசுங்கள்.