பெயருக்கும் ஓர் உறுதி வேண்டும்

ஓட்டமாவடிப் பாலத்துக்கு அண்மையில் உள்வீதியொன்றில் ஒரு வீடு. காலையில் அவ்வழியால் போகிறவர்களுக்கு அரிசிமா வறுபடும் வாசம் வரும். அந்த வீட்டுத் தாயின் குடும்பம் 1990 ஆம் ஆண்டின் வன்செயலில் வயலையும் வளவையும் விட்டு வந்த குடும்பம். வறுத்த மாவும் மிளகாய்த்தூளும் முதலில் லண்டனிலுள்ள மருமகனுக்குப் பார்சலாகப் போயின. மருமகன் தெரிந்த கடையொன்றுக்குக் கொஞ்சம் கொடுத்தார். இப்பொழுது கடைக்காரர் பெட்டிக் கணக்கில் கேட்கிறார். ஆனால் பைக்கற்றில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்கிறார்.

"பேரை அச்சடிச்சி ஒட்டினாக் காணாதா ஃபாதர்? பேருக்கும் ஒரு உறுதி வேணுமா?" என்று அந்தத் தாய் எம்மிடம் கேட்டார். வேண்டும் என்றோம். ஏன் வேண்டும் என்பதை அவரைப் போன்ற மற்றக் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இங்கு எழுதுகிறோம்.

காணியில் படித்த பாடம்

உறுதியோ பேமிற்றோ இல்லாமல், "இது எங்கட பூமி, எல்லாருக்கும் தெரியும்" என்ற நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள் நாம். இடம்பெயர்ந்து திரும்பிப் போனபோது வேலி வேறு யாருடையதாகவோ இருந்ததைக் கண்டவர்கள் பலர். தனியார் காணியை ஒருவர் 10 வருடம் தடையின்றி ஆண்டால் அதற்கு உரிமை கோர எமது சட்டம் இடமளிக்கிறது. யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களைக் காப்பதற்காக 2016 இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டத்தையே நிறைவேற்ற வேண்டியிருந்தது.

வியாபாரத்தில் பெயரும் ஒரு காணிதான். ஒருவருடைய பொருளை மற்றவருடைய பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயரை, படத்தை, அடையாளத்தை வியாபாரக் குறி என்கிறோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அதைப் பதியலாம். பதிவு 10 வருடத்துக்குச் செல்லுபடியாகும். பின்னர் 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் அந்த உறுதியின் எல்லை எமது கடற்கரையோடு முடிந்துவிடுகிறது. கொழும்பில் பதிந்த பெயர் லண்டனில் தானாகச் செல்லுபடியாகாது. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற பல இடங்களில், ஒரு பெயரை யார் முதலில் பாவித்தார் என்பதைவிட, யார் முதலில் பதிந்தார் என்பதே பெரிதாகக் கொள்ளப்படுகிறது. நாம் பத்து வருடம் மா வறுத்திருக்கலாம். அங்குள்ள ஒருவர் எமது பெயரை முதலில் பதிந்துவிட்டால், எமது பெட்டிகளைத் தடுக்கும்படி அவர் எமக்கெதிராகவே வழக்குப் பேசலாம்.

தேயிலை, கறுவா, கோப்பி

இதைப் பெரிய அளவில் எமது நாடே அனுபவித்திருக்கிறது. வெளிநாடுகளில் வேறு நாட்டுத் தேயிலையோடு கலந்து இலங்கைத் தேயிலை என்று விற்பதைத் தடுக்க, இலங்கைத் தேயிலைச் சபை சிங்கச் சின்னத்தை ஒரு குறியாக்கிப் பல நாடுகளில் பதிந்து வைத்திருக்கிறது. நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, தரமும் சரியாக இருந்தால் மாத்திரமே அச்சின்னத்தை ஒட்டலாம்.

கறுவாவின் கதையும் அதுவே. வேறு நாடுகளில் விளையும் கசியா என்ற தடித்த பட்டை, கறுவா என்ற பெயரிலேயே மலிவாக விற்கப்பட்டு வந்தது. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயரைப் புவிசார் குறியீடாகப் பதிந்தது. இலங்கைக்குக் கிடைத்த முதலாவது அத்தகைய பதிவு அது. அந்தப் பெயர் தனியொரு கம்பெனியின் சொத்தன்று. நிபந்தனைப்படி உற்பத்தி செய்யும் எல்லோருக்கும் உரியது.

எம்மைப் போன்ற விவசாயிகளுக்கு மிக நெருக்கமான கதை எதியோப்பியாவினுடையது. அந்நாட்டின் சிடாமோ, ஹரார், யிர்காசெஃப் என்ற பிரதேசங்களின் கோப்பி உலகில் பேர்போனது. ஆனால் அந்தப் பெயரால் வந்த இலாபத்தில் பெரும்பங்கு கோப்பியை வறுத்து விற்கும் வெளிநாட்டாருக்கே போயிற்று. 2005 இல் எதியோப்பிய அரசாங்கம் இம்மூன்று பெயர்களையும் அமெரிக்காவில் வியாபாரக் குறிகளாகப் பதிய விண்ணப்பித்தது. அமெரிக்காவின் தேசிய கோப்பிச் சங்கம் ஆட்சேபித்தது. சிடாமோ என்ற சொல் அடங்கிய ஒரு பெயருக்கு ஸ்டார்பக்ஸ் கம்பெனி அதற்கு முன்னரே விண்ணப்பம் போட்டிருந்ததும் இடைஞ்சலாயிற்று. ஒக்ஸ்பாம் போன்ற நிறுவனங்கள் விவசாயிகளின் பக்கம் நின்று குரல் கொடுத்தன. ஈற்றில் 2007 இல் ஸ்டார்பக்ஸ் எதியோப்பியாவோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. ஓர் அரசாங்கத்துக்கே இவ்வளவு இழுபறி என்றால், பிந்தி எழும்புகிற ஒரு குடும்பத்தின் கதி என்ன?

செய்ய வேண்டியவை

முதலாவது, பெயரைக் கவனமாகத் தெரிவு செய்தல். 'நல்ல அரிசிமா' என்பது பொருளை விபரிக்கும் சொல். அதை ஒருவர் தமக்கென வேலியடைக்க முடியாது. வேறு எவரும் பாவிக்காத, நினைவில் நிற்கும் பெயரே பாதுகாப்பானது. அதே போன்ற பெயர் ஏற்கெனவே பதிவில் உண்டா என்று இங்கும், பொருள் போகும் நாட்டிலும் தேடிப் பார்க்க வேண்டும். பல நாடுகளின் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளைகள் இதற்கு உதவுவார்கள்.

இரண்டாவது, வகுப்பு. உலகமெங்கும் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அரிசி, மா, மிளகாய்த்தூள், தேன் ஆகியவை 30 ஆம் வகுப்பு. கருவாடும் தயிரும் 29. பச்சை மரக்கறியும் பழமும் 31. வகுப்புக் கூடக் கூடச் செலவும் கூடும். ஆகவே உண்மையாக விற்பதற்கு மட்டும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, காலம். முதலில் கொழும்பில் விண்ணப்பியுங்கள். பாரிஸ் உடன்படிக்கையின்படி, அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் அதில் சேர்ந்துள்ள வேறு நாடொன்றில் விண்ணப்பித்து முன்னுரிமை கோரினால், கொழும்பில் போட்ட திகதியே அங்கும் கணக்கில் எடுக்கப்படும். இடையில் வேறொருவர் புகுந்தாலும் நாமே முந்தியவர்கள். இந்த 6 மாதத்தைத் தவறவிடலாகாது.

நான்காவது, நாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் ஒரே விண்ணப்பம் போதும். ஒரு வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் 850 யூரோ. பிரித்தானியாவுக்கு 2021 முதல் வேறாக விண்ணப்பிக்க வேண்டும். சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை. கனடாவும் தனி. எல்லா இடத்திலும் ஒரே நாளில் பதிய எம்மால் ஏலாது. பொருள் அதிகம் போகும் ஒரு நாட்டோடு தொடங்குவதே புத்தி. பதிந்துவிட்டுப் பாவியாமல் விட்டாலும் உரிமை பறிபோகலாம். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதற்கான தவணை 5 வருடம்.

பெயரைப் பதிவது ஏற்றுமதி அனுமதியாகாது என்பதையும் மறக்கலாகாது. உணவுப் பொருளின் சுகாதார விதிகள் வேறு. தயிர், தேன் போன்றவற்றுக்கு அவை இன்னும் கடுமையானவை.

யாருடைய பெயரில்?

"மருமகன்ட பேரில பதிஞ்சா லேசுதானே ஃபாதர்?" என்றார் அந்தத் தாய். லேசுதான். ஆனால் யாருடைய பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர். நாளைக்கு அவர் கடையை விற்றால், அல்லது குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வந்தால், மா வறுத்த கைக்கு ஒன்றும் மிஞ்சாது. முகவர் ஒருவர் சொந்தக்காரரின் சம்மதமின்றித் தம் பெயரில் பதிந்தால் அதை எதிர்க்கப் பாரிஸ் உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால் அதற்கு அங்கே வழக்காட வேண்டும், பணம் வேண்டும். ஆகவே பதிவு உற்பத்தி செய்பவரின் பெயரில் இருக்கட்டும். மருமகனுக்குப் பெயரைப் பாவிக்கும் அனுமதியை எழுத்தில் கொடுத்தால் போதும். எழுத்தில் வைப்பதால் பாசம் குறையாது. பின்னால் வரக்கூடிய சண்டைதான் குறையும்.

பிறகு அவர் தாம் வைக்க விரும்பிய பெயரைச் சொன்னார். அது அவர்கள் விட்டு வந்த ஊரின் பெயர். எமக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஊர்ப்பெயரை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப் பதிவு அலுவலகங்கள் பொதுவாகத் தயங்கும். லண்டனில் எவரும் அறியாத சின்னக் கிராமமென்றால் ஏற்றுக்கொள்ளவும் கூடும். ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும்? அதே ஊரை விட்டு வந்து, இன்று நாலு திக்கிலும் இருக்கும் மற்றக் குடும்பங்கள் தம் மாவையோ மிளகாய்த்தூளையோ அந்தப் பெயரில் அங்கு விற்க முடியாது போகும். வேலி போடப்பட்ட வேதனையை அறிந்த நாமே எம்மவருக்கு வேலி போட்டவர்களாவோம்.

இதற்கும் சட்டத்தில் வழியுண்டு. சங்கமொன்று தன் அங்கத்தவர் எல்லோருக்குமாக ஒரு கூட்டுக் குறியைப் பதியலாம். யார் பாவிக்கலாம், என்ன தரம் இருக்க வேண்டும் என்ற விதிகளைச் சங்கமே எழுதி விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். பொருள் இன்று ஓட்டமாவடியில் செய்யப்படுவதால், வாங்குபவர் மயங்காதபடி அதைப் பைக்கற்றில் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். ஒரு வீட்டுக்குத் தாங்காத கட்டணம் இருபது வீடு சேர்ந்தால் தாங்கும்.

அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசாமல் மாவை அரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய், பழைய கொப்பியொன்றை எடுத்து வந்து எம்மிடம் நீட்டினார். "எங்கட ஊராக்கள் இப்ப எங்கெங்க இருக்காங்க எண்டு நான் சொல்றன். நீங்க எழுதுங்க ஃபாதர்" என்றார். அன்று மாத்திரம் பதினொரு குடும்பங்களின் விபரம் எழுதினோம்.