கையைப் பார்க்காத தேர்வு

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது 'லாங் கேஸ்'. ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். விசாரித்து, பரிசோதித்து, பிறகு தேர்வாளர்கள் முன்னால் கேஸைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 'மர்மர்' தெளிவாகக் கேட்கும் இதய நோயாளி வாய்ப்பார். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவருக்குப் பேசவே திராணியில்லாத முதியவர். இந்த அதிர்ஷ்டக் கணக்கைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: நோயாளியோடு மாணவர் தனியாக இருக்கும் அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

கைகழுவினாரா? வயிற்றை அழுத்தும்போது நோயாளியின் முகத்தைக் கவனித்தாரா? கல்லீரல் உண்மையிலேயே கைக்குத் தட்டுப்பட்டதா, அல்லது வார்டில் கசிந்த டயக்னோசிஸை வைத்து "தட்டுப்படுகிறது" என்றாரா? தேர்வாளர் ஓரிரண்டைச் செய்துகாட்டச் சொல்வார். மற்றதெல்லாம் வாய்ச்சொல்லுக்கு மதிப்பெண்.

ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் 'ஓஸ்கி' தேர்வை அறிமுகப்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, மணியடித்ததும் அடுத்தது. எல்லா மாணவருக்கும் அதே வேலைகள். கண்முன்னே செய்ய வேண்டும். ஒரு கேஸை நன்றாகச் செய்தவர் அடுத்ததையும் அப்படியே செய்வார் என்று நம்ப முடியாது என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. எனவே பல இடங்களில், பலர் பார்க்க வேண்டும். நோயாளியை முழு மனிதராகக் காணும் பார்வை இதில் சிதறிவிடும் என்று மூத்த பேராசிரியர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் திறனை மதிப்பிட 1990-இல் வகுத்த நான்கு படிகளை நினைத்துப் பாருங்கள்: அறிவது, எப்படிச் செய்வதென்று அறிவது, செய்துகாட்டுவது, அன்றாடப் பணியில் செய்வது. கொள்குறி வினாக்கள் எத்தனை கடினமாக இருந்தாலும் முதல் இரண்டு படிகளைத் தாண்டுவதில்லை. சிறுநீர்க் குழாய் செருகும் நர்சிங் மாணவியை ஓஎம்ஆர் தாள் அளக்காது.

இந்தியாவில் 2019 முதல் நடைமுறையில் உள்ள திறன் சார்ந்த பாடத்திட்டம் இதற்காகத்தான் லாக் புக்கை வலியுறுத்துகிறது. செய்முறையைப் பார்த்து, குறையைச் சொல்லி, திருத்திய பின் கையெழுத்திட வேண்டும் என்பதே நோக்கம். பருவ முடிவில் கட்டாக அடுக்கிக் கையெழுத்து வாங்கினால் அது வெறும் நோட்டுப் புத்தகம்.

ஆசிரியர்களே, வாரத்துக்கு ஒரு மாணவரையாவது கட்டிலருகே கால் மணி நேரம் நின்று பாருங்கள். பார்க்காத திறனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.