தழும்பின் மேல் வரும் புடைப்பு

நின்றால் புடைக்கிறது, படுத்தால் மறைகிறது. கர்ப்பப்பை எடுத்த தழும்பின் மேல் கை வைத்துக்கொண்டு, "டாக்டரம்மா, தண்ணிக் குடம் தூக்கினதால உள்தையல் விட்டுப்போச்சா?" என்று கேட்கும் பெண்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். குடத்தின் மேல் மட்டும் பழி போட வேண்டாம், உங்களை நீங்களே நொந்துகொள்ளவும் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன்.

திறந்து மூடிய வயிற்றுச்சுவர் பழைய வலுவை முழுதாகப் பெறுவதில்லை. புண்ணில் சீழ் பிடித்திருந்தாலோ, சர்க்கரை, உடல் பருமன், புகைப்பழக்கம், ஓயாத இருமல் இருந்தாலோ அந்த இடம் விலகி, குடலோ கொழுப்போ வெளியே தள்ளும். நடுவயிற்றைக் கீறிச் செய்யும் அறுவைக்குப் பின் நூற்றில் 10 முதல் 20 பேருக்கு இப்படி ஹெர்னியா வருகிறது. பெல்ட் தாங்கிப் பிடிக்குமே தவிர ஓட்டையை மூடாது.

வெறும் தையலும் போதாது. 2000-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்தது. ஓட்டையை மறைத்துச் செயற்கை வலை வைத்தவர்களில் 24 சதவீதம். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடும்போது கிழிசலைவிடப் பெரிதாக வெட்டுவோமே, அப்படி வலையும் ஓட்டையைத் தாண்டி நாலாபக்கமும் சுமார் 5 செ.மீ. படர வேண்டும். திறந்து வைப்பதானால் அதற்குப் பெரிய வெட்டு தேவை.

1993-இல் அமெரிக்க மருத்துவர்கள் லெப்ளாங்கும் பூத்தும் இதை லேப்ராஸ்கோப்பி வழியே செய்ததை வெளியிட்டார்கள். பழைய தழும்பை விட்டு விலகி, விலாப்பக்கம் சிறு துளைகள் போட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமராவை நுழைக்கிறோம். தழும்பில் ஒட்டிக்கிடக்கும் குடலைப் பிரிப்பதுதான் மிகக் கவனமான வேலை. அங்கே குடலில் தெரியாமல் விழும் சிறு காயமும் உயிருக்கு ஆபத்து. பிறகு ஓட்டையைத் தைத்து, சுருட்டி நுழைத்த வலையை விரித்துப் பொருத்துகிறோம். குடலைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒட்டாத பூச்சு இருக்கும். வலையைத் தசை அடுக்குகளுக்கு நடுவிலேயே வைத்து, குடலைத் தொடவிடாத முறைகளும் வந்துவிட்டன.

முதல் சில நாள் வலி இருக்கும். ஆனால் புண்ணில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஓட்டை மிக அகலமாகிவிட்டால், மேல்தோல் நைந்துவிட்டால், திறந்துதான் செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் புடவைக்குள் மறைத்து வருடங்களை ஓட்டாதீர்கள் என்கிறேன். அறுவைக்குத் தேதி குறித்ததும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள்.

புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால், அமுக்கிப் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிக்கிய குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கலாம்.