சவலைப் பிள்ளை

தாய் மீண்டுங் கருவுற்றமையாலோ, அடுத்த குழந்தையைப் பெற்றமையாலோ முலைப்பாலை இழந்து மெலியும் பிள்ளையைச் சவலை என்பது தமிழ் வழக்கு. நோயை அதன் குறிகளாற் சுட்டாது, அது வந்த வழியாற் சுட்டுஞ் சொல் இது.

இதனையொத்த சொல்லொன்று மேலை ஆபிரிக்காவிலும் உண்டு. அக்காலத்திற் பொற்கரை எனப்பட்ட இன்றைய கானாவிற் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், காலும் கையும் வீங்கித் தோல் உரிந்து வருந்திய குழந்தைகளைப் பற்றி 1933ஆம் ஆண்டில் எழுதினார். 1935இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் அந்நோயைக் ‘குவாசியோர்க்கர்’ என அவ்வூர்ப் பெயராலேயே வழங்கினார். அது கா மொழிச் சொல். அடுத்த பிள்ளை பிறக்க, இடமிழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது பொருள். பால் நின்றபின் பெரும்பாலுஞ் சோளக் கூழே அப்பிள்ளைகளின் உணவாயிருந்தது. சவலை மெலிவு, குவாசியோர்க்கர் வீக்கம். இரண்டும் ஒரே நோயென வாதித்தல் பொருந்தாது. ஆயினும் ஒன்றையொன்று அறியாத இரு நாட்டு மக்களும் மூத்த பிள்ளையின்மேற் கண் வைத்தமை வியப்பிற்குரியது. மருத்துவமோ நெடுங்காலம் தொட்டிலையே நோக்கியது.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் கீழ், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடழித்துக் கழனி கண்ட குடும்பங்கள் பல. அங்ஙனம் ஊர்விட்டு வந்தவிடத்துப் பெற்ற தாயும் மாமியும் அருகில் இலராயின், பிள்ளைப்பேற்றின்போது மூத்ததை இடுப்பில் வைத்திருக்க யார் உளர்? ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலை அரைத்துப் பூசும் வழக்கம் நாம் அறிந்ததே. அன்று இரவு அப்பிள்ளை அழும் அழுகையையும் அறிவோம்.

இவ்வாறு சட்டென நிறுத்துதல் வேண்டுமா? கருவுற்ற தாயின் பால் நஞ்சாகும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. கருப்பம் வளர வளரப் பால் குறையும், சுவையும் மாறும், சில பிள்ளைகள் தாமே விட்டுவிடும். கருச்சிதைவு அல்லது குறைமாதப் பேறு நேருமென்ற ஐயம் உள்ள தாயர் மாத்திரம் மருத்துவரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

பேற்றின்பின் மூத்ததும் பால் கேட்குமாயின் முறையொன்றுண்டு. முதற் சில நாட்களிற் சுரக்கும் சீம்பால் அளவிற் சிறிது, நோய்த்தடுப்பிற் பெரிது. அது புதுப் பிள்ளைக்கே முதலுரிமை. பின்னரும் இளையது உண்டபின்னரே மூத்தது உண்ணலாம். பால், குடத்திலுள்ள நீர்போல் அளந்து வைக்கப்பட்டதன்று. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சச் சுரப்பது. இரணை என்பது இரட்டைக்குப் பெயர்; இரணைப் பிள்ளைகளைப் பெற்றவள் இருவருக்கும் பாலூட்டுதலை நாம் காண்கிறோமல்லவா? ஆனால் அப்பால் தாயின் உடலிலிருந்தே வருவது. அவளுக்குப் பசியாறச் சோறும் பருப்பும் மீனும் முருங்கையிலையும் வேண்டும். பத்தியம் என்று கூறி அவள் கலத்தைச் சுருக்குவார் இரு பிள்ளைகளின் கலத்தையுஞ் சுருக்குகின்றனர்.

மூத்ததற்குப் பால் மட்டும் போதாது. ஆறு மாதம் நிறைந்த நாள் தொட்டே வேற்றுணவு தொடங்குதல் வேண்டும். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. குழைத்த சோற்றில் முட்டையோ முள் நீக்கிய குளத்து மீனோ சேருமாயின், பால் மறந்த பிள்ளையும் சவலையாகாது. ரின்பாலை நீரிற் கரைத்துக் கொடுத்தல் இதற்கு ஈடாகாது. இனிப்பூட்டிய ரின்பாலைக் குழந்தைக்கு ஏற்றதென விற்றதைக் கண்டித்து வில்லியம்ஸ் அம்மையார் 1939இற் சிங்கப்பூரில் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்பது.

இலங்கையிற் கருவுற்ற தாயர்க்கும் பாலூட்டுந் தாயர்க்கும் எடை குறைந்த பிள்ளைகட்கும் திரிபோசா மா வழங்குந் திட்டம் 1970களில் எழுந்தது. தாய்க்கென வந்த பொதியை மூத்த பிள்ளைக்கே கரைத்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறுந்தேநீர் அருந்தும் பெண்ணை எவர் குறை கூறுவர்? குறை சொல்வதினும், தகப்பன் வயலால் வந்து கால் கழுவியதும் மூத்ததைத் தோளிலேற்றி வரம்புவரை சென்றுவருதல் நன்று. அந்த அரை மணி நேரத்தில் இளையது வயிறார உண்டு உறங்கிவிடும். திரும்பி வரும் மூத்ததற்கு மடி ஒழிந்திருக்கும்.