ஃபர்ஸ்ட் இயர்லயே காலேஜ் பிடிக்கலையா? மாறும் முன் இதைப் பாருங்க!

ஹாஸ்டல் சாப்பாடு, தனிமைதான் பிரச்சினையா? அது அடுத்த கல்லூரியிலும் தொடரலாம். ஒரு செமஸ்டர் பொறுத்துப் பார்க்கலாம். பாடப்பிரிவே ஒட்டவில்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம். ராகிங் என்றால் உடனே 1800-180-5522-க்கு அழைக்கலாம்.

கட்டணம்: யுஜிசியின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் விலகினால் 80%, 30 நாட்களுக்குள் 50% திரும்பக் கிடைக்கும். அதன்பின் எதுவும் கிடையாது. சில ஆண்டுகளில் யுஜிசி கூடுதல் அவகாசமும் தந்திருக்கிறது.

சான்றிதழ்: அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது.

படித்த பாடங்கள்: எவற்றை ஏற்பார்கள் என்று புதிய கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

முக்கியமா, அங்கே சீட் உறுதியாகும்வரை டி.சி. வாங்காதீங்க. அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் நின்றால், போவது ஒரு வருஷம்.