பவளப்பாறைப் பயணமும் அழுத்தக் கணக்கும்

கோலார் தங்க வயலில் வாழ்வோருக்கு ‘ரீஃப்’ என்னும் சொல் புதிதன்று. மைசூர் மைன்ஸை அடுத்துள்ள சாம்பியன் ரீஃப், பூமிக்கடியில் ஓடும் பொன் பொதிந்த பாறைத் தொடரால் பெயர் பெற்றது. கடலில் அதே சொல் பவளப்பாறையைக் குறிக்கிறது. அப்பாறைகளைக் காண ஸ்கூபா குழுக்களுடன் சேர்ந்து, வார இறுதியில் முருடேஸ்வரம் சென்று, அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவை அடையும் வழக்கம் இன்று பெங்களூரில் பரவியுள்ளது. நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரில் பணிபுரியும் நம் வயல் இளைஞர்களுக்கும் இது எட்டாத பயணமன்று. ஆயினும் புறப்படுவோர் செலவுக் கணக்குடன் அழுத்தக் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சுரங்கத்தின் ஆழமும் கடலின் ஆழமும்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. கூண்டில் அத்துணை ஆழம் இறங்கிய தொழிலாளர் சுவாசித்த காற்றின் அழுத்தம், தரைமட்ட அழுத்தத்தின் ஒன்றரை மடங்கைக்கூட எட்டுவதில்லை. கடலிலோ 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இருமடங்காகிறது. 20 மீட்டரில் மும்மடங்காகிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது என்பதே காரணம்.

அழுத்தம் கூடும்போது, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட மிகுதியாக இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மெல்ல மேலேறினால் அது மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சட்டெனத் திறந்த சோடா புட்டியில் போல உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள். கடுமையானால் பக்கவாதமும் நேரலாம். இதைத் தவிர்க்கும் கால அட்டவணைகளை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் தம் குழுவினருடன் 1908இல் வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராய்ந்தவரும் அவரே.

நீரில் மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பது முதல் விதி. மெதுவாக மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி வருவதும் அடுத்த விதிகள். இவற்றைப் பயிற்றுநர் கண்காணிப்பார். கரையேறிய பிறகு கடைப்பிடிக்க வேண்டிய விதியோ நம் பொறுப்பில் உள்ளது.

ஊர் திரும்பும் நேரம்

ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் இருமுறையோ பல நாள்களோ மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்று கடல்மூழ்கு மருத்துவ வல்லுநர் அறிவுறுத்துகின்றனர். விமானத்திற்குள் காற்றழுத்தம் குறைவு என்பதால், உடலில் எஞ்சிய நைட்ரஜன் அங்கும் குமிழியாகலாம். இவ்வறிவுரை ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற்குரியது. கோலார் தங்க வயலோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது; பெங்களூர் அதனினும் உயரம். எனவே பேருந்தில் மேற்குத் தொடர்ச்சி மலையேறித் திரும்புவதும் நமக்கு ஒரு மேலேற்றமே ஆகும்.

ஞாயிறு நண்பகல் வரை மூழ்கிவிட்டு, அன்றிரவே பேருந்தேறித் திங்கள் காலை அலுவலகம் செல்லும் திட்டம் இக்காரணத்தால் ஏற்றதன்று. வெள்ளி இரவு புறப்பட்டுச் சனிக்கிழமை பகல் 2 மணிக்குள் இரண்டு மூழ்கல்களையும் முடித்தால், ஞாயிறு காலை 8 மணிக்கு 18 மணி நேரம் நிறைவுறும். அன்று காலை முருடேஸ்வரர் கோயிலையும் கடற்கரைச் சிவன் சிலையையும் கண்டு, நண்பகலில் ஊர் திரும்பலாம். திரும்பிய பின் மேற்கூறிய அறிகுறிகள் தோன்றினால், கடலில் மூழ்கிய செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

புறப்படுமுன்

ஆஸ்துமா, இதயநோய், காதுநோய் உள்ளோரும், சுரங்கத் தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்டோரும் மருத்துவரின் ஒப்புதலின்றி மூழ்கலாகாது. சளி பிடித்திருக்கும்போதும் தவிர்ப்பதே நன்று. பயிற்றுநரின் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டா. பயணக் காப்பீடு எடுப்போர், சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டுள்ளனவா என்பதை ஒப்பந்தத்தில் படித்தறிய வேண்டும். பல ஒப்பந்தங்களில் தனியாகக் கூடுதல் கட்டணம் செலுத்தினாலன்றி அப்பாதுகாப்பு கிடைப்பதில்லை. மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை இப்பயணங்கள் நடைபெறுவதில்லை என்பதையும் முன்பணம் செலுத்துமுன் கருத்திற்கொள்க.

தொடாமல் காண்போம்

பவளம் கல்லன்று, சிற்றுயிர்களின் கூட்டம். திரளாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. நீந்துவோரின் காலுறை ஒருமுறை உரசினால் பல ஆண்டு வளர்ச்சி அழியும். தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு இன்று நீருக்கடியில் உள்ளன. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உடைந்த துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் குற்றமே.

நம் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டதும் அதே 2001இல்தான். வெட்டியெடுத்த பொன் மீண்டும் பாறையில் விளைவதில்லை என்பதை இவ்வூர் அறியும். பவளமோ, விட்டுவைத்தால் வளரும்.